லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரா?

1. காலையில், வண்டியை எடுக்கும் முன் ஆயில் குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். தேய்ந்த இன்ஜின் கசிவே இல்லாமலும் ஆயிலைக் குடிக்கும்.

2. ரேடியேட்டரில் கூலன்ட் மட்டுமே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரின் உப்பு படிந்து அடைக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். பீறிட்டு வரும் வெந்நீர் முகத்தைப் பொசுக்கிவிடும்.

3. பேட்டரி முனை வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? முதலில் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, வாசலின் தடவுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசி.

4. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். நழுவினால் உயிர் போகும். ஸ்டாண்ட் இல்லையென்றால் அந்த வேலையே வேண்டாம்.

5. டைமிங் பெல்ட் மாற்றியது எப்போது என்று தெரியவில்லையா? மெக்கானிக்கிடம் விடுங்கள். அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு வளையும்.