ஒற்றை நிற ஒளி

எரிவாயு அடுப்பின் நீலச் சுடரில் சிறிது உப்பு விழுந்தால் சுடர் மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியம் உமிழும் அவ்வொளியின் அலைநீளம் ஏறத்தாழ 589 நானோமீட்டர். இவ்வாறு ஏறக்குறைய ஒரே அலைநீளமுடைய ஒளியையே அறிவியலார் ஒற்றை நிற ஒளி என்பர்.

சூரிய ஒளியிலோ பல நிறங்கள் கலந்துள்ளன. நம் கண்ணிலுள்ள மூவகைக் கூம்பணுக்கள் பொருள்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டே நிறத்தை அறிகின்றன. ஒற்றை நிற ஒளியில் நிற வேறுபாடு மறைந்து, வெளிச்சமும் இருளுமே எஞ்சும்.

மலேசியாவில் களைக்கொல்லிக் கலன்களிலுள்ள வண்ணப் பட்டை நச்சின் கடுமையைக் காட்டுகிறது. கறுப்பு மிகக் கொடியது. அடுத்து முறையே சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. ஒற்றை மஞ்சள் ஒளியில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோல் தோன்றும், நீலம் கறுத்துவிடும். ஆகவே அன்பர்களே, கலனைப் பகலொளியில் பார்த்தே எடுப்பீர்!