புதிய ஊழியரின் முதல் நாள்: ஒரு பல்கலைக்கழக விபத்து நமக்குத் தரும் பாடம்

கடையில் புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாள் நாம் அவனுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? கடை எத்தனை மணிக்குத் திறக்கும், லுஹருக்கு எப்போது போய் வரலாம், சம்பளம் எந்தத் திகதி, லாச்சியில் கை வைக்கக் கூடாது. பெரும்பாலான கடைகளில் இவ்வளவுதான். மற்றதெல்லாம் "நின்று பழகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். நாமும் அப்படித்தானே பழகினோம் என்பது நமது நியாயம்.

கனடாவில் டொரன்டோ நகரிலுள்ள தொழில், சுகாதார ஆய்வு நிறுவனம் ஒன்று பல வருடங்களாக விபத்து நட்டஈட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்து ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறது. ஒரு வேலையில் முதல் மாதத்தில் இருப்பவர், அதே வேலையில் ஒரு வருடத்துக்கு மேல் இருப்பவரைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாக, வேலைக்கு வரமுடியாத அளவுக்குக் காயப்படும் ஆபத்தில் இருக்கிறார். வயது இதற்கு முக்கிய காரணமல்ல. ஐம்பது வயதுக்காரரும் புதிய இடத்தில் புதியவர்தான். ஆகவே "நின்று பழகட்டும்" என்று நாம் விடுகின்ற அந்த ஒரு மாதம்தான் ஆபத்து கூடிய மாதம்.

இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒரு கடையோ தொழிற்சாலையோ அல்ல, ஒரு பெரிய பல்கலைக்கழகம். படித்தவர்கள் நிறைந்த இடத்தில் இது நடந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டிய விடயம்.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலீஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் திணைக்களத்தில் 2008 ஒக்டோபரில் 23 வயது யுவதி ஒருவர் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தார். மாணவியாக அல்ல, சம்பளம் பெறும் ஊழியராக. அதே வருடம்தான் பட்டம் பெற்றிருந்தார். சட்டம் படிக்கும் எண்ணமும் அவருக்கு இருந்தது.

டிசெம்பர் 29ஆம் திகதி. நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட விடுமுறை நாள், கட்டடத்தில் ஆட்கள் குறைவு. அன்று அவர் ஒரு திரவத்தை சிரிஞ்ச் ஒன்றினால் போத்தலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். டேர்ட் பியூட்டைல் லிதியம் என்பது அதன் பெயர். காற்றுப் பட்டவுடனேயே தானாகத் தீப்பற்றக்கூடியது, நெருப்புக்குச்சி தேவையில்லை. சிரிஞ்சின் உட்தண்டு கழன்று வந்துவிட்டது. திரவம் கையிலும் உடலிலும் சிந்தித் தீப்பிடித்தது. பக்கத்தில் திறந்திருந்த இன்னொரு எரிபற்றும் திரவமும் சேர்ந்துகொண்டது. அவர் ஆய்வுகூட மேலங்கி அணிந்திருக்கவில்லை. அணிந்திருந்தது செயற்கை நூலினாலான ஸ்வெட்டர், அது எரிந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும் வகை. சில அடி தூரத்தில் இப்படியான நேரத்துக்கென்றே பொருத்தப்பட்ட அவசர ஷவர் இருந்தது. அதை யாரும் பாவிக்கவில்லை. உதவிக்கு வந்தவர் தன்னுடைய மேலங்கியால் தீயை அணைக்க முயன்றார். பதினெட்டு நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்து, 2009 ஜனவரி 16ஆம் திகதி அந்த யுவதி மரணமானார்.

விசாரணை செய்தது கலிபோர்னியா மாநிலத்தின் தொழிற் பாதுகாப்பு நிறுவனம். அவர்கள் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று மிகச் சாதாரணமானது. இந்த ஊழியருக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்ததற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? இருக்கவில்லை. அவர் ஏற்கனவே அனுபவமுள்ளவர், இதே வேலையை முன்னரும் செய்திருக்கிறார் என்பதுதான் மேற்பார்வை செய்த பேராசிரியர் தரப்பின் விளக்கம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். "ஆள் அனுபவசாலி, அந்தக் கடையில் அஞ்சு வருஷம் நின்டவன்" என்று நாமும் சொல்வதில்லையா? அந்தக் கடையின் அனுபவம் அந்தக் கடைக்குரியது. அங்கே தின்னர் பீப்பா எங்கே இருந்தது என்பது அவனுக்குத் தெரியும். நமது கடையில் எங்கே இருக்கிறது, அதற்கு மேலே ஓடுகின்ற வயர் எத்தனை வருடப் பழையது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு விடயமும் விசாரணையில் வெளிவந்தது. விபத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், ஒக்டோபர் இறுதியில், பல்கலைக்கழகத்தின் சொந்தப் பாதுகாப்புப் பரிசோதகர்களே அந்த ஆய்வுகூடத்துக்கு வந்து, ஊழியர்கள் மேலங்கி அணிவதில்லை என்பது உட்பட சில குறைகளை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குறைகள் திருத்தப்படவில்லை. தெரியாமல் நடந்தது வேறு, தெரிந்தும் திருத்தாமல் நடந்தது வேறு. சட்டம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

2009 மே மாதம் பல்கலைக்கழகத்துக்கு 31,875 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. பெரிய நிறுவனத்துக்கு அது பெரிய தொகையல்ல. ஆனால் கதை அங்கே முடியவில்லை. குடும்பத்தினர் விடவில்லை. 2011 டிசெம்பரில் பல்கலைக்கழக நிர்வாக சபை மீதும் பேராசிரியர் மீதும் குற்றவியல் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. ஆய்வுகூட விபத்துக்காக ஒரு பேராசிரியர் குற்றவியல் வழக்கில் நிறுத்தப்படுவது அமெரிக்கா அதுவரை காணாத ஒன்று. 2012 ஜூலையில் நிர்வாக சபை அந்த ஆய்வுகூடத்தின் நிலைமைகளுக்கான பொறுப்பை ஏற்று, பாதுகாப்பு ஏற்பாடுகளை மாற்ற உடன்பட்டு, அந்த யுவதியின் பெயரில் சட்டக் கல்விக்கு 500,000 டொலர் புலமைப்பரிசில் நிதியும் ஒதுக்கியது. சபை மீதான வழக்கு கைவிடப்பட்டது. 2014இல் பேராசிரியரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார். 800 மணித்தியால சமூக சேவை, தீக்காயச் சிகிச்சை நிலையத்துக்கு 10,000 டொலர். அவர் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை. ஆனாலும் ஐந்தரை வருடம் இந்த விவகாரம் அவரது தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. வக்கீல் செலவை எண்ணிப் பாருங்கள்.

கலிபோர்னியாவில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1991 முதல் அங்கே ஒவ்வொரு தொழில்தருநரும் விபத்துத் தடுப்புத் திட்டமொன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் பயிற்சி கொடுக்கச் சொல்கின்ற சந்தர்ப்பங்களைப் பார்த்தால், எழுதியவர்கள் வேலைத்தலத்தை நன்றாக அறிந்தவர்கள் என்பது விளங்கும். புதிதாக ஆள் சேரும்போது மட்டுமல்ல, பழைய ஊழியருக்குப் புதிய வேலை கொடுக்கும்போதும், புதிய இயந்திரமோ புதிய சரக்கோ வந்து இறங்கும்போதும், முன்னர் தெரியாத ஓர் ஆபத்து முதலாளிக்குத் தெரியவரும்போதும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுவும் ஊழியருக்கு விளங்குகின்ற மொழியில்.

இதில் நமக்குப் பிடித்தமான ஒரு பிரிவு இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட சிறிய வியாபாரிக்கு அந்தச் சட்டம் சலுகை கொடுக்கிறது. பெரிய கோவைகள் தேவையில்லை, வாயால் சொல்லிக் கொடுக்கலாம். யாருக்கு, எந்த வேலையின் எந்த ஆபத்தைப் பற்றிச் சொன்னோம் என்று ஒரு குறிப்பு இருந்தால் போதும். ஒரு சி.ஆர். கொப்பி போதும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அங்குள்ள பல்கலைக்கழகத் திணைக்களங்களில் இப்போது புதிய ஊழியர் ஒருவர், அலுவலக எழுதுவினைஞராக இருந்தாலும் சரி, சேர்ந்தவுடன் பொறுப்பாளரோடு சேர்ந்து ஒரு தாளை நிரப்பிக் கையொப்பமிடுகிறார். வெளியேறும் வழிகள் இரண்டையும் நடந்து காட்ட வேண்டும். தீயணைக்கும் கருவி, முதலுதவிப் பெட்டி இருக்கும் இடம், தீ என்றால் எல்லோரும் வெளியே வந்து கூடும் இடம், காயப்பட்டால் யாரிடம் சொல்வது, எவ்வளவு சின்னக் காயமானாலும் சொல்ல வேண்டும் என்பது, பாவிக்கும் இரசாயனங்களின் தகவல் தாள் எங்கே இருக்கிறது என்பது எல்லாம் அதில் அடங்கும். கம்பியூட்டருக்கு முன்னால் எப்படி உட்காருவது என்பதுகூட உண்டு. கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொன்று: ஆபத்து இருக்கிறது என்று சொன்னதற்காக யாரும் தண்டிக்கப்பட மாட்டார்கள். நமது கடைகளுக்கு மிகவும் தேவையானது இந்தக் கடைசி விடயம்தான் என்பது என் அபிப்பிராயம். புதிய பையன் பயத்தில் வாய் திறக்க மாட்டான். பிளக் பொயின்ட் சுடுகிறது என்று அவனுக்குத் தெரியும், சொன்னால் "வந்து ரெண்டு நாள், அதுக்குள்ள குறை சொல்றியா?" என்று கேட்பார்களோ என்று பேசாமல் இருந்துவிடுவான்.

நான் நேரில் அறிந்த ஒரு சம்பவம். ஊரையும் கடையையும் சொல்லப் போவதில்லை. ஒரு ஹாட்வெயார் கடை. பையன் வேலைக்கு வந்து மூன்றாம் நாள். வாடிக்கையாளர் ஒருவர் மேல் தட்டிலிருந்த பெயின்ட் வாளியைக் கேட்டார். கடையில் நல்ல அலுமினிய ஏணி இருந்தது, பின்பக்க ஸ்டோரில். பையன் இராக்கையின் தட்டுகளிலேயே கால் வைத்து ஏறினான். வாளியோடு விழுந்தான், மணிக்கட்டு எலும்பு உடைந்தது. முதலாளி நல்ல மனிதர். ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் பார்த்தார், சம்பளத்தையும் நிறுத்தவில்லை. பையனின் வாப்பா வந்தபோது சண்டை பிடிக்கவில்லை, சத்தம் போடவுமில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஹாஜியார், ஏணி எங்க இருக்கென்டு யாராவது இவனுக்குக் காட்டினீங்களா?"

கடையில் நின்ற ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் காட்டவில்லை. யாருடைய வேலை அது என்பதும் யாருக்கும் தெரியாது. அங்கே ஆய்வுகூட ஷவர், இங்கே ஏணி. இரண்டும் சில அடி தூரத்தில்தான் இருந்தன.

நமது நாட்டுச் சட்டத்தையும் கொஞ்சம் பார்ப்போம். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது வேலையின் காரணமாக ஏற்படும் விபத்துக்குத் தொழில்தருநர் நட்டஈடு கொடுக்கப் பொறுப்பானவர். தவறு முதலாளியுடையது என்று நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். வியாபாரத்துக்காகப் பொருளைச் செய்கின்ற, திருத்துகின்ற பட்டறைகளும் அதற்குள் வரும். மரணம் நேர்ந்தாலோ, மூன்று நாட்களுக்கு மேல் ஊழியர் தன் வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அந்த விபத்தைத் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். வயது விடயத்திலும் கவனம் தேவை. 2021ஆம் ஆண்டு முதல் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 16. அபாயகரமான தொழில்களுக்கு 18. "சொந்தக்காரப் பிள்ளை, லீவுக்கு நிக்கிறான்" என்பதை ஒரு விடையாகக் கொண்டுபோய்ப் பரிசோதகரிடம் வைக்க முடியாது.

இனி, நமது கடைக்கு வருவோம். புதிய ஆளோடு அரை மணித்தியாலம் செலவழித்தால் போதும். முதலாளியே செய்வது நல்லது. கணக்கப்பிள்ளையிடம் விட்டால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். கடையை ஒரு சுற்று நடந்து காட்டுங்கள். மெயின் சுவிட்சை அவன் கையாலேயே போடவும் நிறுத்தவும் வையுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடக் கூடாது, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். பின்கதவு சாமான் அடுக்கி மூடப்பட்டிருந்தால், காட்டும்போது உங்களுக்கே வெட்கமாக இருக்கும், அன்றே அது திறபடும். இந்தச் சுற்றினால் முதலாளிக்குக் கிடைக்கும் இலாபம் அதுதான்.

சாப்பாட்டுக் கடையென்றால் காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடும் விதம். காஸ் மணம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, கதவு யன்னலைத் திறந்து வெளியே வர வேண்டும். தாச்சியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். இதைத் தெரியாதவர்கள் பத்து வருடம் குசினியில் நின்றவர்களிலும் இருக்கிறார்கள். இறைச்சி அரைக்கும் மெஷினைக் கழுவுமுன் பிளக்கைக் கழற்ற வேண்டும், கையால் தள்ளாமல் கட்டையால் தள்ள வேண்டும்.

ஹாட்வெயார், பெட்டரிக் கடைக்காரர்களுக்கு ஒரு தனி வார்த்தை. அசிட்டையும் தின்னரையும் சோடாப் போத்தலில், தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பழைய ஆட்களுக்குத் தெரியும் அது என்னவென்று. தாகத்தோடு வருகின்ற புதியவனுக்குத் தெரியாது.

சொன்னதை எல்லாம் அவன் வாயால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டினால் விளங்கிவிட்டது என்று அர்த்தமல்ல. பையனுக்குச் சிங்களம்தான் விளங்குமென்றால் சிங்களத்தில் சொல்லுங்கள். பிறகு கொப்பியில் திகதி, பெயர், காட்டிய விடயங்கள், இருவரின் கையொப்பம். அதே பக்கத்தில் அவனது வீட்டு டெலிபோன் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். தீயணைப்புக்கு 110, அம்பியூலன்ஸுக்கு 1990. இந்த இரண்டையும் கல்லாவுக்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டலாம். ஒரு மாதம் முடிந்ததும் இன்னொரு முறை அதே கொப்பியோடு அவனை அழைத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். இந்த முறை அவன் முன்னால் நடக்கட்டும், அவன் காட்டட்டும்.

அந்த ஹாட்வெயார் கடையில் இப்போது ஏணி ஸ்டோரில் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில், வாடிக்கையாளருக்கும் கொஞ்சம் இடைஞ்சலாகத்தான், சுவரில் தொங்குகிறது. புதிதாக வருகின்ற ஒவ்வொருவரையும் முதலாளி முதல் நாள் அதில் ஒருமுறை ஏறி இறங்கச் சொல்கிறார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மணிக்கட்டு உடைந்த அதே பையன்.