பப் தோட்டமும் பின்வீட்டு யன்னலும்

கேள்வி: போன மாரியில் ஹரோவில் வீடு வாங்கி வந்தோம். பின்வளவு மதிலுக்கு அந்தப்பக்கம் ஒரு பப்பின் தோட்டம். வீடு பார்க்கப் போன நாட்களில் அங்கே ஒருவரையும் காணவில்லை. வெயில் தொடங்கியதும் மேசைகளைப் பரப்பிவிட்டார்கள். இப்போது இரவு பதினொன்றரை வரைக்கும் நாற்பது ஐம்பது பேர் கதைக்கிற சத்தமும் சிரிப்பும். பாட்டு பெரிதாகப் போடுவதில்லை. மகளின் அறை பின்பக்கம். வருகிற வருடம் அவளுக்கு ஜி.சி.எஸ்.இ. முறைப்பாடு செய்வோம் என்றால் கணவர் மறிக்கிறார். “பப் எங்களுக்கு முந்தியே இருந்தது. வந்த ஆட்கள் ஊரின் பப்பை மூடப் பார்க்கினம் என்று பேர் வரும்” என்கிறார். எங்களுக்கு ஏதும் உரிமை உண்டா?
— ஒரு தாய், ஹரோ

பதில்: அம்மா, உரிமை உண்டு. “முந்தியே இருந்தது” என்ற வாதத்தை இங்கிலாந்துச் சட்டம் எப்போதோ தள்ளிவிட்டது. லண்டன் விக்மோர் வீதியில் ஓர் இனிப்புத் தயாரிப்பாளர் இருபது வருடத்துக்கு மேலாகப் பெரிய உரல்களில் இடித்து வந்தார். பின்னால் விம்போல் வீதியில் குடியிருந்த மருத்துவர், தன் தோட்டத்தின் கோடியில், அந்தச் சமையலறைச் சுவரை ஒட்டி, நோயாளரைப் பார்க்கும் அறை கட்டினார். கட்டிய பிறகுதான் இடிச்சத்தம் வழக்கானது. 1879இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மருத்துவர் பக்கமே தீர்ப்பளித்தது. 2014இல் சஃபோக்கில் ஒரு மோட்டார் பந்தயத் திடல் பற்றிய வழக்கில், தொல்லை இருக்கிற இடத்துக்குப் பின்னர் குடிவந்தார் என்பதற்காக ஒருவர் தன் உரிமையை இழப்பதில்லை என்று உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆனால் இடத்தின் தன்மையையும் நீதிமன்றம் பார்க்கும். பப்புக்குப் பின்னால் உள்ள வீட்டில் கிராமத்து அமைதியை எதிர்பார்க்க முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது மகள் நித்திரை கொள்ளக்கூடிய அளவு அமைதி.

நீதிமன்றம் செலவு பிடித்த வழி. அதற்கு முன் செய்ய நிறைய இருக்கிறது.

முதலில் அந்தப் பப்பின் லைசென்ஸை வாசியுங்கள். 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டப்படி ஒவ்வொரு கவுன்சிலும் லைசென்ஸ் பதிவேடு வைத்திருக்க வேண்டும், யாரும் பார்க்கலாம். பப்பின் பெயரைச் சொல்லி, நிபந்தனைகளோடு முழுப் பிரதியைக் கேளுங்கள். கடைசிப் பக்கங்களில்தான் விஷயம் இருக்கும். தோட்டத்தில் பத்து மணிக்குப் பிறகு யாரும் குடிக்கக் கூடாது, அதன்பின் சிகரெட் பிடிக்க இத்தனை பேர்தான் வெளியே நிற்கலாம், பின்கதவு மூடியிருக்க வேண்டும் என்றெல்லாம் பல லைசென்ஸ்களில் எழுதியிருக்கும். மனேஜர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் புதிதாக வந்தவர் அதை வாசித்தே இருக்கமாட்டார். அப்படியொரு நிபந்தனை இருந்து அது மீறப்படுகிறது என்றால் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி. லைசென்ஸை மீறி நடத்துவது குற்றம். வரம்பில்லாத அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.

மனேஜரை நேரில் பாருங்கள். கூட்டமில்லாத ஒரு நாள் பின்னேரம் போங்கள். சத்தம் நடக்கிற இரவில் போகாதீர்கள். அந்த ஆளின் பக்கத்தையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. 2007 ஜூலை 1இலிருந்து இங்கிலாந்தில் பப்புக்குள் சிகரெட் பிடிக்க முடியாது. புகைப்பவர்கள் எல்லாரும் தோட்டத்துக்கு வந்தார்கள். பிறகு கோவிட் காலத்தில், 2020 கோடையில், வெளியே மேசை போட்டுத்தான் பல பப்புகள் தப்பின. தோட்டத்தை மூடு என்று கேட்டால் கடையை மூடு என்றுதான் அவர் காதில் விழும்.

பாட்டுச் சத்தம் என்றால் குறைக்கச் சொல்லலாம். மனிதக் குரலைக் குறைக்க ஒரு பொத்தானும் இல்லை. எத்தனை பேர், எந்த இடம், எத்தனை மணிவரை என்ற மூன்றில்தான் கைவைக்க முடியும். ஆகவே குறிப்பாகக் கேளுங்கள்: உங்கள் மதிலோரத்து மேசைகளைக் கட்டடத்தின் பக்கம் நகர்த்த முடியுமா? வார நாட்களில் ஒன்பதரைக்குக் கடைசி மேசையை உள்ளே அனுப்ப முடியுமா? புகைப்பவர்களை முன்வாசல் பக்கம் நிறுத்த முடியுமா? மதிலை உயர்த்தித் தருகிறோம் என்றால் உடனே சந்தோஷப்படாதீர்கள். மதில், அதன் மறைவில் இருக்கிறவர்களுக்குத்தான் உதவும். மேல்மாடி யன்னலிலிருந்து மேசைகள் தெரிந்தால் அங்கே சத்தமும் வந்துசேரும். இரட்டைக் கண்ணாடியும் இப்படித்தான். கோடை இரவில் யன்னலைத் திறந்தாக வேண்டும். பிறகு கண்ணாடி எத்தனை அடுக்கு என்பதில் என்ன இருக்கிறது?

இதற்கிடையில் ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். கவுன்சிலின் சூழல் சுகாதாரப் பிரிவே அதற்குப் படிவம் தரும். சில கவுன்சில்கள் கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்பவும் வழி வைத்திருக்கின்றன. “தினமும் தாங்க முடியவில்லை” என்று எழுதினால் எந்த அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. “வெள்ளிக்கிழமை, இரவு 10.40 முதல் 11.25 வரை, பின்னறை, யன்னல் மூடியிருந்தும் கத்திச் சிரிப்பது கேட்டது, மகள் முன்னறைக்கு வந்து படுத்தாள்” என்று எழுதினால் முடியும். தொல்லைக்கு இத்தனை டெசிபெல் என்று சட்டத்தில் அளவு கிடையாது. எத்தனை மணி, எத்தனை தடவை, எவ்வளவு நேரம், வீட்டு வாழ்க்கையை எப்படிக் குழப்புகிறது என்பதைத்தான் அதிகாரி எடைபோடுவார். 1990ஆம் ஆண்டுச் சூழல் பாதுகாப்புச் சட்டப்படி தொல்லைதான் என்று முடிவு செய்தால் நிறுத்தச் சொல்லி அறிவித்தல் அனுப்ப வேண்டியது கவுன்சிலின் கடமை.

இதற்கும் பப்காரர் அசையாவிட்டால் லைசென்ஸை மறுபரிசீலனை செய்யும்படி நீங்களே விண்ணப்பிக்கலாம். பொலிஸோ சட்டத்தரணியோ தேவையில்லை. குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லைத் தடுப்பு, சிறுவர் பாதுகாப்பு என்ற நான்கு நோக்கங்களுக்குள் உங்கள் காரணம் நிற்க வேண்டும். எங்கள் ஆட்கள் சிலர் இந்தக் கடிதங்களில் குடியின் கேடு பற்றி இரண்டு பக்கம் எழுதுவதைக் கண்டிருக்கிறேன். விண்ணப்பத்தை விசாரிக்கும் கவுன்சிலர்களால் அதைக் கணக்கில் எடுக்கவே முடியாது. வயலில் நிற்கிற மாட்டைக் கலைக்கக் கல்லைத் தூக்கிக் குளத்துக்குள் போட்ட மாதிரி ஆகிவிடும். தோட்டத்துக்கு ஒரு நேரக் கட்டுப்பாடு கேளுங்கள், அது கிடைக்கக்கூடியது.

இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தால் உங்கள் பெயரும் முகவரியும் பொதுவாகப் பப்காரருக்குத் தெரியவரும். பிறகு வீட்டை விற்கும்போது, அயலோடு ஏதும் பிணக்கோ முறைப்பாடோ இருந்ததா என்று, விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்தில் கேள்வி வரும். உண்மையைத்தான் எழுத வேண்டும். பேசித் தீர்ப்பதை முதலில் வைத்தது இதற்காகவும்தான்.

இனி உங்கள் கணவரின் பயம். அது வீண் பயமில்லை. இந்த நாட்டில் வெள்ளைக்காரரல்லாத ஒரு குடும்பம் பப்பைப் பற்றி வாய் திறக்கும்போது அந்தப் பேச்சு வரத்தான் செய்யும். ஆனால் அந்த மதிலை ஒட்டி இருப்பது உங்கள் வீடு ஒன்று மட்டுமா? இரண்டு பக்கத்து வீடுகளிலும் போய்க் கதவைத் தட்டுங்கள். அதே பப்பில் முப்பது வருடமாகக் குடிக்கிற கிழவரே இரவு நித்திரையில்லாமல் கிடந்து, யாராவது தொடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவரும் குறிப்பேடு எழுதினால், அவர் உங்களோடு மனேஜரிடம் வந்தால், வந்தேறிகளின் முறைப்பாடு என்று யாரும் சொல்ல முடியாது. தனியாக இருக்கிற முதியவர்களுக்கு அந்தப் பப்தான் ஒரு நாளில் நாலு முகம் பார்க்கிற இடம். அது திறந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பமும். உங்கள் கடிதத்திலும் மூடு என்று ஒரு வரிகூட இல்லை.

மகளின் பரீட்சை மே, ஜூனில் வரும். தோட்டம் நிரம்புகிற காலமும் அதுதான். மறுபரிசீலனை என்று போனால் அறிவித்தல் காலமே 28 நாட்கள், அதன்பின் விசாரணை, தோற்றவர் மேன்முறையீடு செய்ய இன்னும் 21 நாட்கள். ஆகவே மாசி பிறக்க முன் மனேஜரிடம் போய்விடுங்கள்.