உடைந்த பிளாஸ்டிக்கும் ஊடுருவும் மூலக்கூறுகளும்

உடைந்த சீப்பையோ பேனா மூடியையோ பசை தடவி ஒட்டிப் பார்க்காதவர் உங்களில் யாரும் இருக்க முடியாது. சில பொருள்கள் உடனே ஒட்டிக்கொள்ளும். சில, என்ன பாடுபட்டாலும் மறுநாளே கையோடு வந்துவிடும். உடனே பசை மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். உண்மையில் குறை பெரும்பாலும் பசையில் இல்லை. எதை ஒட்டுகிறோம் என்று பாராமல் ஒட்டுகிற நம்மிடம்தான் இருக்கிறது. இதை நான் கற்றுக்கொண்டது வகுப்பறையில் அன்று, எங்கள் பழைய காரில்.

காரின் முன்பக்கம், டேஷ்போர்டில் காகிதங்கள் வைக்கும் சிறு பெட்டி ஒன்று உண்டு. அதன் மூடியில், கீல் மாட்டும் காது ஒருநாள் உடைந்துபோயிற்று. சுண்டுவிரல் நகம் அளவே உள்ள துண்டு. உதிரிப்பாகக் கடையில் கேட்டால், மூடி மட்டும் தனியாகக் கிடையாதாம். பெட்டி முழுவதையும் வாங்கவேண்டுமாம். விலை ஏழாயிரத்துச் சொச்சம். நகம் அளவுத் துண்டுக்கு ஏழாயிரம் கொடுக்க மனம் வரவில்லை. நானே ஒட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

முதல் முயற்சி பலிக்கவில்லை. துப்பாக்கி போன்ற கருவியில் குச்சியைச் செருகி உருக்கி ஒட்டுவார்களே, அந்தச் சூட்டுப் பசையால் ஒட்டினேன். அன்று மாலை மூடி கல் போல் நின்றது. மறுநாள் காரைக் கல்லூரி மைதானத்தில் வெயிலில் விட்டேன். பிற்பகல் வந்து பார்த்தால் மூடி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. கண்ணாடி வழியே சூரிய ஒளி உள்ளே வருகிறது. கறுப்பு டேஷ்போர்டு அதை உட்கவர்கிறது. சூடான காற்று வெளியேற வழியில்லை. கோடையில் டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியசையும் தாண்டும். அந்தப் பசைக்குச்சியோ பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிடேட் என்னும் பொருளால் ஆனது. 60, 70 டிகிரியிலேயே தளரத் தொடங்கிவிடும். இயற்பியல் விரிவுரையாளர் இதை முன்பே யோசித்திருக்க வேண்டாமா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பிறகுதான் மூடியைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்த்தேன். அங்கே இரு அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகளில் 'ஏ.பி.எஸ்' என்று பொறித்திருந்தது. கார்களின் உள்பாகங்களில் பெரும்பாலும் இப்படி ஒரு குறி இருக்கும். பழைய பொருள்களைத் தரம் பிரித்து மறுபடி உருக்குவதற்காக ஏற்பட்ட வழக்கம் இது; பழுது பார்க்கிற நமக்கும் வழிகாட்டி. ஏ.பி.எஸ் என்பது அக்ரிலோ நைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றிலிருந்து ஆக்கப்படும் பிளாஸ்டிக். காரில் அதிகம் காணும் மற்றொன்று பாலிபுரொப்பிலீன். அதன் குறி 'பி.பி'.

இவை இரண்டுமே சூட்டில் இளகும் இனத்தைச் சேர்ந்தவை. பழைய மின்சார சுவிட்சுகளில் கண்ட பேக்கலைட்டு வேறு இனம். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த வலை போன்றவை. ஒருமுறை இறுகினால் மீண்டும் இளகாது. இளகும் இனத்தில் மூலக்கூறுகள் தனித்தனி நீண்ட சங்கிலிகள். ஒரு தட்டு இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இழைகள் சிக்கிக் கிடக்கின்றன, ஆனால் ஒட்டிப் போகவில்லை. அப்படித்தான்.

ஏ.பி.எஸ் அசிடோனில் கரையும். ஆகவே அதற்குப் பசையே வேண்டாம். உடைந்துபோன, இனி உதவாத ஏ.பி.எஸ் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் போட்டு, மூழ்கும் அளவுக்கு அசிடோன் ஊற்றி ஓர் இரவு வைத்தேன். காலையில் தேன் பதத்தில் ஒரு குழம்பு கிடைத்தது. உடைந்த முகங்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, குழம்பைத் தடவிச் சேர்த்து வைத்தேன். என்ன நடக்கிறது? அசிடோன் இரு முகங்களையும் சற்று இளக்குகிறது. இளகிய இடத்தில் சங்கிலிகளுக்கு நகரும் சுதந்திரம் வருகிறது. இந்தப் பக்கத்துச் சங்கிலி அந்தப் பக்கத்துக் கூட்டத்திற்குள், புற்றுக்குள் நுழையும் பாம்பு போல நெளிந்து நுழைகிறது. பிறகு அசிடோன் ஆவியாகிப் போய்விட, நுழைந்தவை அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. இப்போது எல்லைக்கோடு என்று ஒன்று இல்லை. இப்படிச் சங்கிலிகள் பாம்பு போல ஊர்கின்றன என்ற கருத்தை 1971இல் வகுத்தவர் பிரெஞ்சு இயற்பியலறிஞர் டி ஜென். 1991ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

குழம்பைத் தடித்துப் பூசக்கூடாது. அசிடோன் வெளியேறும்போது அது சுருங்கும். உள்ளே குமிழும் நிற்கும். மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை பூசி, கடைசியில் இரண்டு நாள் ஆறவிட வேண்டும். இன்னொன்றும் சொல்லவேண்டும். அசிடோனின் மூலக்கூறு எடை 58. காற்றின் சராசரி 29. ஆகவே அதன் ஆவி காற்றைப் போல் இரு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து செல்லும். பக்கத்து அறையில் எரியும் அடுப்பை அது தேடிப் போகக்கூடும். இந்த வேலையைத் திறந்த முற்றத்தில், பெரியவர் ஒருவர் உடனிருக்கத்தான் செய்யவேண்டும்.

மூடி வெயிலில் நின்றது. ஏ.பி.எஸ் இளக ஏறக்குறைய 105 டிகிரி தேவை. கார் அவ்வளவு சூடாவதில்லை. ஆனால் நான்கு மாதங்களுக்குப் பிறகு காது மறுபடியும் உடைந்தது. வேடிக்கை என்னவென்றால், நான் ஒட்டிய இடம் அப்படியே இருந்தது. அதற்குச் சற்று மேலே, காது மூடியோடு சேரும் கூர்மையான மூலையில் புதிதாக உடைந்திருந்தது.

இதற்கு விடை 1913இல் இங்கிலிஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் கப்பல் கட்டுவோர் அவையில் படித்த கட்டுரையில் இருக்கிறது. விசை ஒரு தகட்டின் வழியே பாயும்போது, வெடிப்பின் முனையிலும் கூர்மூலையிலும் தகைவு பன்மடங்கு பெருகுகிறது. கணக்கு இதுதான்: வெடிப்பின் நீளத்தை முனையின் வளைவு ஆரத்தால் வகுங்கள், வர்க்கமூலம் காணுங்கள், இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். விளிம்பிலிருந்து 10 மி.மீ. நீண்ட ஒரு வெடிப்பை எடுத்துக்கொள்வோம். முனையின் ஆரம் 0.01 மி.மீ. என்றால் தகைவு ஏறக்குறைய 64 மடங்கு! பிளாஸ்டிக் முனையில் சற்றே இளகிக் கொடுப்பதால் நடைமுறையில் இவ்வளவு ஏறாது. ஆனாலும் ஆபத்து விளங்குகிறது. அதே வெடிப்பு முடியும் இடத்தில் 3 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை போட்டுவிட்டால் முனையின் ஆரம் 1.5 மி.மீ. ஆகிவிடும். கணக்குப் போட்டால் 6 மடங்கிற்குச் சற்று அதிகம். வெடிப்பை நிறுத்த அனுபவசாலிகளான மெக்கானிக்குகள் துளை போடுவதன் இரகசியம் இதுதான். பொருளைக் குறைத்தால் வலிமை கூடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நான் துளை போடவில்லை. மறுபடி ஒட்டிய பின், அந்த மூலையில் குழம்பைப் பூசிப் பூசி, சுவரும் தரையும் சேரும் இடத்தில் கொத்தனார் சிமெண்டை வளைத்துப் பூசுவது போல வளைவாக்கினேன். மூடி இன்றுவரை விழவில்லை.

இந்த வெற்றியில் துணிந்து, கதவின் கீழே வெடித்திருந்த பையிலும் அதே குழம்பைத் தடவினேன். காய்ந்ததும் வெங்காயத் தோல் போல முழுதாக உரிந்து வந்தது. அதன் குறி 'பி.பி'.

ஒரு சொட்டுத் தண்ணீரை இரண்டின் மேலும் விட்டுப் பாருங்கள். ஏ.பி.எஸ் மீது அது சற்றுப் பரவும். பாலிபுரொப்பிலீன் மீது முத்துப் போலத் திரண்டு நிற்கும். சேர்கோணம் 90 டிகிரிக்கு மேல். வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட அதன் சங்கிலிகள் அயல் மூலக்கூறுகளை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. பரப்பு ஆற்றல் சதுர மீட்டருக்கு 30 மில்லி ஜூல் அளவுதான், ஏ.பி.எஸ்ஸுக்கு ஏறக்குறைய 40. நனைக்காத பசை ஒட்டாது. அசிடோனும் அதைக் கரைப்பதில்லை. ஆகவே அதன் சங்கிலிகளை நகர வைக்க மிஞ்சும் வழி வெப்பம் ஒன்றே. வெடிப்பின் முடிவில் துளை போட்டு, பின்புறமாகக் கோட்டைச் சற்றுக் குடைந்து, வேறொரு பி.பி துண்டிலிருந்து நறுக்கிய கீற்றை வைத்து, சால்டரிங் அயர்னால் மூன்றையும் சேர்த்து உருக்கினேன். பாலிபுரொப்பிலீன் 165 டிகிரி அளவில் உருகும். புகை கிளம்பினால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். கீற்று மட்டும் உருகி, இரு கரைகளும் உருகாவிட்டால் அது ஒட்டு அல்ல, வெறும் மெழுகு.

எதில் கைவைக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றுப்பை மூடி, இருக்கைப் பட்டை, ஸ்டியரிங் சார்ந்த பாகங்கள் ஆகியவற்றை வீட்டில் ஒட்டவே கூடாது. காற்றுப்பை விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் விரிகிறது. அதன் மூடி குறிப்பிட்ட கோட்டில் கிழிவதற்கென்றே அங்கே மெலிதாக வார்க்கப்பட்டது. அதில் பசை பூசிக் கெட்டிப்படுத்தினால், கிழிய வேண்டியது சிதறிப் பாயும்.

குறி தேய்ந்துபோன துண்டை என்ன செய்வது? தண்ணீரில் போடலாம். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.905, மிதக்கும். ஏ.பி.எஸ் 1.05, மூழ்கும். ஆனால் என் கதவுப் பைத் துண்டு, பி.பி என்று பொறித்திருந்தும் மூழ்கிவிட்டது! குறியை மறுபடி பார்த்தேன். பக்கத்தில் 20 என்ற எண் இருந்தது. விறைப்பு கூட, எடையில் 20 சதவீதம் டால்க் என்னும் மாக்கல் பொடி கலந்திருக்கிறார்கள். டால்க்கின் அடர்த்தி 2.75. நூறு கிராம் கலவையில் 80 கிராம் பிளாஸ்டிக்கின் பருமன் 88.4 கன செ.மீ.; 20 கிராம் டால்க்கின் பருமன் 7.3 கன செ.மீ. மொத்தம் 95.7. நூறை இதனால் வகுத்தால் 1.045. ஏ.பி.எஸ்ஸுக்கு மிக அருகில்! ஆக, மூழ்கினால் மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மறைவான இடத்தில் ஒரு துளி அசிடோன் வைத்து, பிசுபிசுக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

டால்க் 10 சதவீதம் மட்டும் கலந்திருந்தால் அந்தத் துண்டு மிதக்குமா, மூழ்குமா? கணக்கிட்டுப் பாருங்கள்.