இலையை எப்போ வெட்டுறது?

டிராக் ஃபோர்ஸ் ஃபார்முலா ஞாபகம் இருக்கா? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. காற்றை எதிர்க்கும் பரப்பு கூடினாலும் விசை கூடும். இதை ஒரு வாழை மரத்துக்குப் போட்டுப் பாருங்க. தண்டுன்னு நாம சொல்றது உண்மையில் ஒன்றை ஒன்று சுற்றிய இலை உறைகள்தான். மேலே பாய் விரிச்ச மாதிரி இலைகள், கூடவே தாரின் எடை. புயலில் சாயாம என்ன செய்யும்?

2006 மார்ச் 20 அன்று லாரி என்ற புயல் (நம்ம ரோட்டு லாரி இல்லைங்க!) ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இன்னிஸ்ஃபெயில் ஊருக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. நாட்டின் வாழைத் தோட்டங்களில் பெரும்பகுதி அந்தக் கடலோரத்தில்தான். 80 சதவீதத்துக்கும் மேல் விளைச்சல் போச்சு. நோய் பரவும் என்ற பயத்தில் வெளிநாட்டு வாழைப்பழத்தை உள்ளே விடாத நாடு வேற. விலை பல மடங்கு ஏறியது.

இதோடு முடியல. எல்லா மரமும் ஒரே நாளில் விழுந்ததால், கன்றுகளும் ஒரே நேரத்தில் வளர்ந்து ஒரே நேரத்தில் தார் தள்ளும். பல மாதம் பழமே இல்லை, அப்புறம் மார்க்கெட் தாங்காத அளவுக்குப் பழம். இந்த இரண்டாவது அடியைக் கணிக்க சாட்டிலைட் வேண்டாம், காலண்டர் போதும்.

2011 பிப்ரவரியில் யாசி புயல் அதே பகுதியை நோக்கி வந்தபோது, பல விவசாயிகள் முன்கூட்டியே இலைகளை வெட்டிட்டாங்க. பரப்பு குறைந்தால் விசை குறையும், அவ்வளவுதான் லாஜிக். அப்படி நின்ற மரங்கள், விழுந்து கன்றிலிருந்து தொடங்கியதைவிடச் சீக்கிரம் காய்த்தன.

ஆனா இலை இல்லாத மரத்தில் ஏற்கெனவே இருக்கும் தார் சரியாகத் திரளாது. வெட்டின பிறகு புயல் திசை மாறினால்? நஷ்டம் விவசாயிக்குத்தான். அதனால ஒரு கணக்கு. வெட்டுவதால் வரும் நஷ்டம் 1 லட்சம், புயல் வந்தால் அதனால் மிச்சமாகும் தொகை 4 லட்சம்னு வைங்க. புயல் வர வாய்ப்பு 25 சதவீதத்தைத் தாண்டினாலே வெட்டுவது லாபம்.

நாம மாடல் செய்யும்போது அக்யூரசியை மட்டும் துரத்துறோம். இங்கே மூன்று நாள் முன்னாடி கிடைக்கும் 30 சதவீத எச்சரிக்கை, ஆறு மணி நேரம் முன்னாடி வரும் 95 சதவீதத்தைவிட மேல். ஆறு மணி நேரத்தில், அதுவும் காற்று ஏற ஆரம்பித்த பிறகு, எத்தனை ஏக்கர் வெட்ட முடியும்?