குரங்கும் உண்ணியும்

1957ஆம் ஆண்டில், அந்நாளைய மைசூர் மாநிலத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் பல மடிந்தன. அண்டையிலிருந்த ஊராரும் கடுங்காய்ச்சலுற்றனர், சிலர் இறந்தனர். ஆசியா அதுவரை கண்டிராத மஞ்சள் காய்ச்சலோ என ஆராய்ச்சியாளர் முதலில் ஐயுற்றனர். உண்ணிகள் பரப்பும் புதிய நோய் அதுவெனப் பூனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் பின்னர்க் கண்டறிந்தனர்.

சருகினுள் பதுங்கும் கடுகளவு உண்ணிக் குஞ்சுகளை மனிதர் தேடிக் காண்பது அரிது. தரையில் இறங்கும் குரங்கின் உடலிலோ அவை தாமே வந்து பற்றுகின்றன. நோயுற்ற குரங்கு இறந்ததும், அதன் குருதியைக் குடித்த உண்ணிகள் அவ்விடத்திலேயே உதிர்கின்றன. விறகு பொறுக்கச் செல்வோருக்கு அவ்விடமே பெருங்கேடு விளைப்பது. ஆதலின், குரங்கு இறந்த செய்தி கிடைத்ததும், சுற்றிலும் 50 மீட்டர் தொலைவுக்குப் பூச்சிமருந்து தூவுகின்றனர். தரைமீது துணியை இழுத்து, அதில் ஒட்டும் உண்ணிகளைச் சோதனைக்கு அனுப்புகின்றனர். அடர்காட்டில் எவர் கண்ணிலும் படாது மடியும் குரங்கினால் மட்டும் செய்தி ஏதும் கிட்டுவதில்லை.