கொத்துக்கறி எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி: ஞாயிறு செய்யும் கொத்துக்கறியைப் பன்னில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். மிச்சத்தைப் பாட்டிலில் அடைத்து வெளியே வைக்கலாமா?
- வாசகி, கீழ்பென்னாத்தூர்

பதில்: வேண்டாம் அம்மா. காற்றுப் புகாத பாட்டிலில் ஈரக்கறி வெளியே இருந்தால் பொட்டுலினம் என்ற கொடிய நஞ்சு உருவாகலாம், வாடையே காட்டிக்கொடுக்காது. பாட்டிமார் வெளியே வைத்தது உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் கல்லாகக் காயவைத்த உப்புக்கண்டத்தை. அது வேறு.

கொத்தும்போது மேலே இருக்கும் கிருமி கறி முழுக்கக் கலந்துவிடும். அதனால் தண்ணீர் சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை நன்றாக வேகவிடுங்கள். அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். 3, 4 நாள் தாங்கும். ஃப்ரீசரில் 2, 3 மாதம். ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து வையுங்கள். எடுத்ததை ஆவி பறக்கச் சூடாக்குங்கள். பன்னை மட்டும் அன்றன்றைக்கு வாங்குங்கள்.